தோட்டத்துப் பிள்ளைகளின் காற்பந்துக் கிளப்: பதிவு, பணம், பொறுப்பு

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எங்கள் ஊர்த் திடலுக்கு வந்து பாருங்கள். மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் இந்த ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று 2007-இல் பெயர் மாறிவிட்டது. பெரியவர்களுக்கு இது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். முப்பது நாற்பது பிள்ளைகள், மூன்று பந்து, விசில் ஊத ஓர் அண்ணன். அவர் பகலில் லோரி ஓட்டுவார், அல்லது ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை செய்வார். மாதம் பத்து வெள்ளி, அதாவது பத்து ரிங்கிட், வாங்குவார். இல்லாத வீட்டில் கேட்கமாட்டார். ஜெர்சியை ஊரிலுள்ள ஒரு கொன்ட்ரெக்டர் வாங்கிக் கொடுத்திருப்பார். கிளப்பின் பெயர் அந்த ஜெர்சியில் இருக்கும். வேறு எந்தத் தாளிலும் இருக்காது.

இப்படியே பல வருடம் ஓடும். பிறகு ஒருநாள் அண்ணனுக்கு ஜொகூரில் வேலை கிடைக்கும். பணம் அவருடைய சொந்த பேங்க் கணக்கில், வலையும் கூம்பும் அவர் வீட்டு ஸ்டோரில், பெற்றோர் எண்கள் அவருடைய கைப்பேசியில். யாரும் எதையும் திருடவில்லை, ஆனாலும் ஆறு மாதத்தில் கிளப் இருந்த இடம் தெரியாது. நான் செயலாளராக இருந்த ஒரு கிளப் இப்படித்தான் போனது. அந்தச் சூடு பட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எங்கே பதிய வேண்டும்? பலர் ஆர்ஓஎஸ் என்கிற சங்கங்களின் பதிவிலாகாவுக்குப் போய்த் திரும்பி வருகிறார்கள். கோயில் சங்கம், நலனபிவிருத்திச் சங்கம் போன்றவற்றுக்குத்தான் அது. 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. விளையாட்டுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது: 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம், சட்டம் 576. அதன்கீழ் விளையாட்டுத் துறை ஆணையர் என்று ஒருவர் இருக்கிறார். பாரங்களில் மலாயில் 'பெசுருஜெயா சூக்கான்' என்று வரும். இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சின்கீழ் உள்ள அலுவலகம் அது. தேசியச் சங்கத்திலிருந்து ஊர்க் கிளப் வரை, விளையாட்டை நடத்துவதையே நோக்கமாகக் கொண்ட அமைப்பு எதுவானாலும் அங்கேதான் பதிய வேண்டும்.

"எங்கள் தோட்டத்தில் மணிமன்றம் இருக்கிறது, அதன் பெயரிலேயே விளையாடிக்கொள்கிறோம்" என்பவர்கள் உண்டு. தவறில்லை. மணிமன்றம் இளைஞர் அமைப்பு. இளைஞர் அமைப்புகளுக்கு 2007-ஆம் ஆண்டின் வேறொரு சட்டம் இருக்கிறது. மன்றத்தின் பல வேலைகளில் பந்தும் ஒன்று என்றால் அந்தப் பதிவு போதும். ஆனால் வருடம் முழுக்கப் பயிற்சி, கட்டணம், லீக் ஆட்டம் என்று பந்து தனிப் பாதையில் ஓடத் தொடங்கிவிட்டால் தனிக் கிளப்பாகப் பதிவதே நல்லது. இல்லாவிட்டால் மன்றத் தேர்தலில் யார் தோற்றாலும் பிள்ளைகளின் பயிற்சிதான் நிற்கும். இதைப் பார்த்தும் இருக்கிறேன்.

'அகாடமி' என்று பெயர் வைக்கும் ஆசை இப்போது எங்கும் பரவிவிட்டது. பெயரில் பிரச்சினை இல்லை. பின்னால் இருப்பது என்ன என்பதைப் பாருங்கள். இலாபத்துக்காக ஒருவர் கம்பெனி பதிந்து நடத்தினால் அது கம்பெனி. சட்டம் 576 அதற்கு வேறு வழி வைத்திருக்கிறது: விளையாட்டு நடவடிக்கையில் ஈடுபடும் கம்பெனி ஆணையரிடம் லைசென்ஸ் எடுக்க வேண்டும். நம்முடையது தன்னார்வலர்கள் நடத்தும் கிளப். உறுப்பினர்களுக்குச் சொந்தம், மீதிப் பணம் யார் பைக்கும் போகாது. இந்த இரண்டையும் கலந்துவிட்டால் பெற்றோர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் சொல்ல முடியாது.

இனிப் பதிவு வேலை. முதலில் ஒரு கூட்டம். ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே பேசியது கூட்டம் ஆகாது. நாள், நேரம், வந்தவர்களின் பெயர், ஐசி என்கிற அடையாள அட்டையின் எண், கையெழுத்து, என்ன முடிவானது, யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்று எல்லாம் எழுதிய கூட்டக் குறிப்பு வேண்டும். அதில் தலைவர், செயலாளர், பொருளாளர், செயலவை உறுப்பினர்கள், செயலவையில் இல்லாத உட்கணக்காய்வாளர்கள் என்று ஆட்களைத் தேர்ந்தெடுங்கள். கணவன் தலைவர், மனைவி பொருளாளர் என்று வைக்காதீர்கள். இருவரும் தங்கமான மனிதர்களாகவே இருக்கலாம். நாளைக்கு ஐம்பது வெள்ளி கணக்கு இடித்தால் அந்தக் குடும்பத்தைத்தான் ஊர் பேசும்.

அடுத்து சட்டவிதி. மலாயில் 'பெர்லெம்பாகாஆன்'. பக்கத்து ஊர்க் கிளப்பின் சட்டவிதியை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பதுதான் நம்மவர் வழக்கம். வடிவத்துக்கு அதைப் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு விதியையும் செயலவை உட்கார்ந்து படித்தாக வேண்டும், ஏனென்றால் சண்டை வரும் நாளில் இந்தத் தாள்தான் பேசும். பெயர், முகவரி, நோக்கம், யார் உறுப்பினராகலாம், சந்தா எவ்வளவு, பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பதும் நீக்குவதும் எப்படி, பணத்தை யார் கையாள்வது, ஆண்டுக்கூட்டம் எப்போது, விதியைத் திருத்துவது எப்படி, கிளப்பைக் கலைத்தால் மிச்சப் பொருள் எங்கே போகும் என்று இவ்வளவும் அதில் வர வேண்டும்.

கிளப்பில் விளையாடுவது பத்து வயதுப் பையன். ஆண்டுக்கூட்டத்தில் கை தூக்குவது யார்? இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பிள்ளையை 'இளம் உறுப்பினர்' என்றும், பெற்றோர் அல்லது காப்பாளரை ஓட்டுரிமை உள்ள உறுப்பினர் என்றும் விதியில் எழுதிவிடுங்கள். பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் தோட்டத்தில் அதிகம், ஆகவே 'காப்பாளர்' என்ற சொல்லை விட்டுவிட வேண்டாம். ஒரு குடும்பத்தில் மூன்று பிள்ளைகள் விளையாடினால் மூன்று ஓட்டா, ஒரு ஓட்டா என்பதையும் எழுதுங்கள். என் கருத்து: குடும்பத்துக்கு ஒன்று.

சச்சரவுக்கும் ஒரு விதி வேண்டும். விளையாட்டு அமைப்புக்குள் வரும் பூசலை முதலில் அந்த அமைப்பின் உள்வழிமுறையிலேயே தீர்க்க வேண்டும் என்பது சட்டத்தின் எண்ணம். "என் பையனை ஏன் ரிசர்வில் வைத்தாய்" என்பதற்கு விசாரணைக் குழு கூட்ட வேண்டியதில்லை. ஒருவரை நீக்குவது, பணம், தேர்தல் இவை மூன்றுக்கும் யாரிடம் மனுக் கொடுப்பது, எத்தனை நாளில் பதில் வரும், யார் உட்கார்ந்து கேட்பார்கள் என்பது தாளில் இருக்கட்டும்.

பதிவாகிச் சான்றிதழ் கைக்கு வந்ததும் ஒரு கெடா வெட்டிவிட்டு அதை மறந்துபோகும் கிளப்புகளும் இருக்கின்றன. வருடாந்திரப் பொதுக்கூட்டம் நடத்தி, செயலறிக்கையும் கணக்கறிக்கையும் ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பொறுப்பாளர் மாறினாலும் தெரிவிக்க வேண்டும். சட்டவிதியைத் திருத்தினால் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு நான்கு வருடம் கழித்து மானியம் கேட்டுப் போனால், கவுண்டரில் இருப்பவர் முதலில் கேட்பது கடைசி ஆண்டறிக்கையைத்தான்.

சான்றிதழ் வந்த மறுவாரம் பேங்குக்குப் போங்கள். சான்றிதழ், சட்டவிதி, கணக்குத் திறக்கச் செயலவை எடுத்த முடிவின் குறிப்பு, கையெழுத்துப் போடுபவர்களின் ஐசி ஆகியவற்றைக் கேட்பார்கள். இருவர் கையெழுத்து இல்லாமல் பணம் வெளியே போகாதபடி வையுங்கள். பத்து வெள்ளி வாங்கினாலும் எண் போட்ட ரசீது கொடுங்கள். பணம் இல்லாத குடும்பத்துக்குச் சலுகை கொடுத்தால் அதைக் கூட்டக் குறிப்பில் 'கட்டண விலக்கு: மூன்று பிள்ளைகள்' என்று எண்ணிக்கையாக மட்டும் எழுதுங்கள். பெயர் வேண்டாம். இரக்கப்பட்டுச் செய்ததை நோட்டீஸ் பலகையில் ஒட்டிய ஒரு செயலவையை எனக்குத் தெரியும்.

ரசீதுக்கு வேறொரு பயனும் உண்டு. 2024 வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து விளையாட்டுக்கென்று தனியாக 1,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு இருக்கிறது. விளையாட்டுச் சாமான், திடல் வாடகை, போட்டிப் பதிவுக் கட்டணம் ஆகியவற்றோடு பயிற்சிக் கட்டணமும் இதில் அடங்கும். தனக்காகச் செலவழித்ததையும் மனைவி, பிள்ளைகளுக்காகச் செலவழித்ததையும் காட்டலாம். ஆனால் பயிற்சிக் கட்டணம் என்று காட்ட வேண்டுமானால் அதை வாங்கிய கிளப் விளையாட்டுத் துறை ஆணையரிடம் பதிந்திருக்க வேண்டும். கம்பெனி என்றால் கம்பெனிப் பதிவு இருக்க வேண்டும். பதியாத அண்ணனிடம் கொடுத்த பத்து வெள்ளிக்கு இந்தக் கழிவு கிடையாது. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் குடும்பம் நடத்தும் தோட்டத் தொழிலாளிக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை, அவர் வரி கட்டும் நிலையிலேயே இல்லை. ஆசிரியர், கிராணி (எழுத்தர்), ஃபேக்டரி சூப்பர்வைசர் வீடுகளுக்கு உதவும். ஜெர்சிக்குப் பணம் கொடுத்த கொன்ட்ரெக்டர் "எனக்கும் வரிவிலக்கா?" என்று கேட்பார். நன்கொடைக்கான கழிவுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும், பதிவுச் சான்றிதழைக் காட்டி அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.

மானியம் என்றால் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம், நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகம், இந்தியர் அமைப்புகளுக்கான அரசாங்கப் பிரிவு மித்ரா என்று கதவுகள் சில உண்டு. எங்கே தட்டினாலும் பதிவு, பேங்க் கணக்கு, கணக்கறிக்கை மூன்றும் கையில் இருக்கட்டும். அரசியல்வாதி திறப்பு விழாவில் மாதிரிக் காசோலையைப் பிடித்துப் படம் எடுத்ததையே வரவு என்று எழுதாதீர்கள். கணக்கில் ஏறிய பிறகு எழுதுங்கள்.

திடல் நம்முடையதல்ல. தோட்டத் திடல் என்றால் நிலம் கம்பெனிக்குச் சொந்தம். பழைய மானேஜர் "விளையாடுங்க தம்பி" என்று வாயால் சொன்னது புது மானேஜரைக் கட்டுப்படுத்தாது. எந்த நாள், எத்தனை மணி, புல் வெட்டுவது யார், விளக்குக் கட்டணம் யாருடையது என்று ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். தமிழ்ப்பள்ளித் திடலுக்குத் தலைமையாசிரியரிடம், ஊர்த் திடலுக்கு நகராண்மைக் கழகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

இனி எல்லாவற்றிலும் பெரிய விஷயம், பிள்ளைகளின் பாதுகாப்பு. நம்மூரில் வெட்கப்பட்டு மூடிவிடும் பேச்சு இது. 2017-ஆம் ஆண்டு சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம், சட்டம் 792, அவ்வாண்டு ஜூலை 10-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் அதில் சிறார். பிள்ளையின் நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்பவர் குற்றம் செய்தால் கூடுதல் தண்டனை உண்டு. பெற்றோர், ஆசிரியர் ஆகியோரோடு பயிற்றுநரையும் சட்டம் அந்தப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதோடு, குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். "கிளப் பேர் கெட்டுப்போகும், நமக்குள் பேசி முடிப்போம்" என்று செயலவை முடிவெடுத்தால் அதுவே குற்றமாகிவிடலாம். போலீஸில் புகார் கொடுப்பதுதான் வழி. தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசிச் சேவையின் 15999 என்ற எண்ணையும் பெற்றோருக்குக் கொடுத்து வையுங்கள்.

பயிற்றுநராக வருபவர் பற்றிச் சமூகநல இலாகாவில் விண்ணப்பித்து, சிறார் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று சரிபார்க்கலாம். "பக்கத்து வீட்டு அண்ணனைப் போய் சந்தேகப்படுவதா?" என்று முகம் சுளிப்பார்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்று வைத்து, தலைவர் தன் பெயரை முதலில் கொடுத்தால் யாருக்கும் உறுத்தாது. ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாகக் காரில் போகக்கூடாது, பிள்ளைகளுக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பக்கூடாது, உடை மாற்றும் இடத்தில் படம் எடுக்கக்கூடாது. இந்த மூன்றையும் பெற்றோர் கையொப்பமிடும் பாரத்திலேயே அச்சடித்துவிடுங்கள். 2023-இல் இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சு பாதுகாப்பான விளையாட்டுக்கென ஒரு நடத்தை நெறியையும் கொண்டுவந்திருக்கிறது. செயலவை அதையும் ஒருமுறை படிக்க வேண்டும்.

அதே பாரத்தில் ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை உண்டா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்றும் கேளுங்கள். குழு விபத்துக் காப்புறுதி எடுங்கள். இடி இடித்தால் ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் திடலில் இருக்கும் எந்தப் பெரியவருக்கும் உண்டு என்று எழுதிவையுங்கள். எங்கள் ஊரில் நான்கு மணிக்குமேல் மழை மேகம் கட்டாத நாள் குறைவு.

கடைசியாக ஐசி இல்லாத பிள்ளைகள். வயதுப் பிரிவு லீக்கில் மைகிட் என்கிற சிறுவர் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், 12 வயதானவர்களுக்கு மைகாட் என்கிற ஐசி என்று கேட்பார்கள். பெற்றோர் திருமணம் பதியாமலோ, பிறப்பைத் தாமதமாகப் பதிந்தோ ஆவணச் சிக்கலில் மாட்டிய பிள்ளைகள் தோட்டப் பகுதியில் இன்னமும் இருக்கிறார்கள். லீக் பட்டியலில் சேர்க்க முடியாவிட்டாலும் பயிற்சிக்கு வரவேண்டாம் என்று சொல்லாதீர்கள். வேறொரு பிள்ளையின் ஐசியில் இறக்கிவிடும் வேலையும் வேண்டாம். பிடிபட்டால் அணி மொத்தமும் தண்டிக்கப்படும், ஆள் மாறாட்டப் பழி அந்தப் பிள்ளை தலையில் விழும். செயலாளர் அந்தக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு தேசியப் பதிவிலாகாவுக்கு ஒரு நாள் போய்வரட்டும். குடியுரிமை மனுவுக்கு வயது வரம்பு உண்டு, தள்ளிப்போடத் தள்ளிப்போடக் கதவு சாத்திக்கொள்ளும். எங்கள் கிளப்பில் ஒரு பையனுக்காகப் போனபோது அவனுடைய பாட்டி ஒரு மைலோ டின்னில் அத்தனை தாளையும் போட்டுக் கொண்டு வந்தார். தாய் பிறந்த தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரை அதில் இருந்தது. கவுண்டரில் கேட்ட முதல் தாளும் அதுதான்.