ஹெட்லைட் பல்பை மாற்றுமுன் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பாருங்கள்

"வெளிச்சம் பத்தவில்லை, எல்இடி போட்டுக் கொடுங்கள்." பர்மாவில் ஹெட்லைட் வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது இதுதான். குறை உண்மையானது. காரணம் பெரும்பாலும் வேறு. வெளிச்சம் இருக்கிறது, போக வேண்டிய பக்கம் போகவில்லை.

1970 டிசம்பரில் இந்த நாடு சாலையின் வலப்பக்கத்துக்கு மாறியது. ஆனால் ஓடுகிற கார்களில் பெரும்பங்கு ஜப்பானில் ஓடிவிட்டு வந்தவை. 2011க்குப் பிறகு இறக்குமதி தளர்ந்ததும் புரோபாக்ஸ், சக்ஸீட், ஃபிட், விட்ஸ் என்று வந்து குவிந்தன. ஜப்பானில் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். அதனால் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஹெட்லைட்டும் இடப்பக்கச் சாலைக்கென்றே வார்க்கப்பட்டது என்பது எதிரே வருகிறவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

டிம் வெளிச்சத்தைச் சுவரில் அடித்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் கத்தியால் கீறியது போல ஒரு கோடு விழும். கோட்டின் ஒரு பாதி மட்டமாக இருக்கும். மறு பாதி 15 டிகிரி சாய்வில் மேலே ஏறும். ஏறுகிற பாதி சாலை ஓரத்துக்கு. நடந்து போகிறவரும் பலகையும் தெரிய வேண்டும் என்பதற்காக. மட்டமான பாதி எதிர் வண்டிக்காரர் கண்ணில் படாமலிருக்க. ஜப்பான் விளக்கில் ஏற்றம் இடப்பக்கம். நம் சாலையில் இடப்பக்கம்தான் எதிர் வண்டி வருகிறது.

கணக்குப் போட்டால் எவ்வளவு கெடுதல் என்று புரியும். ஹெட்லைட் தரையிலிருந்து 26 அங்குல உயரம், சாய்வு சரியாக ஒரு சதவீதம் கீழே, அதாவது நூறு அடிக்கு ஒரு அடி, என்று வையுங்கள். 150 அடி தள்ளி மட்டக் கோடு 8 அங்குல உயரத்தில் இருக்கும். எதிர் ஓட்டுநர் உங்கள் விளக்கிலிருந்து சுமார் 13 அடி இடப்பக்கம் இருப்பார். அவருக்கும் ஸ்டியரிங் வலப்பக்கம்தானே, இன்னும் ஓரமாக உட்கார்ந்திருப்பார். அந்த 13 அடியில் ஏற்றக் கோடு 42 அங்குலம் ஏறிவிடும். மொத்தம் 50 அங்குலம். சின்னக் காரில் ஓட்டுநரின் கண் ஏறக்குறைய 45 அங்குல உயரத்தில் இருக்கிறது. ஆக, எந்தத் தவறும் செய்யாத, கம்பெனி பல்பு போட்ட வண்டியே எதிராளியின் கண்ணில் அடிக்கிறது.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். உங்கள் வலப்பக்க ஓரம், சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவும் மாட்டு வண்டியும் ஆளும் போகிற ஓரம், மட்டக் கோட்டுக்கு மேலே இருட்டில் கிடக்கிறது. அதனால்தான் "பத்தவில்லை" என்று தோன்றுகிறது. அதற்கு மருந்தாக எல்இடி மாட்டினால் ஓரம் இருட்டாகவே இருக்க, எதிராளி கண்ணில் விழுவது மட்டும் இரண்டு மடங்காகிறது.

உங்கள் விளக்கு எந்தப் பக்கத்துக்கானது என்று சுவரே சொல்லிவிடும். சுவர் இல்லாவிட்டால் ஹெட்லைட் கண்ணாடியின் ஓரத்தில் வட்டத்துக்குள் ஆங்கில 'E' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதனருகே, விளக்கை எதிரே நின்று பார்க்கிற உங்களுக்கு வலக்கைப் பக்கம் காட்டும் அம்புக்குறி இருந்தால் இடப்பக்கச் சாலை விளக்கு. அம்பே இல்லையென்றால் வலப்பக்கச் சாலைக்கானது. இருபுறமும் முனையுள்ள அம்பு என்றால் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஜப்பான் உள்நாட்டு விளக்குகள் சிலவற்றில் இந்த முத்திரையே இருக்காது. அப்போது சுவரைத்தான் நம்ப வேண்டும்.

சரிசெய்ய முதல் வழி, முழு ஹெட்லைட்டையும் வலப்பக்கச் சாலைக்கானதாக மாற்றுவது. விட்ஸ் ஐரோப்பாவில் யாரிஸ் என்றும், ஃபிட் அங்கே ஜாஸ் என்றும் ஓடியது. அவற்றுக்கு வலப்பக்கச் சாலை விளக்கு உண்டு. மாடல் ஆண்டும் முன்பக்க வடிவமும் ஒத்துப்போகிறதா, பிளக் அதேதானா என்று பார்த்து வாங்க வேண்டும். புரோபாக்ஸ் ஜப்பானுக்கென்றே செய்த வண்டி. அதற்கு அப்படி ஒன்று கிடையாது.

வாங்கும்போது சரக்கு எந்த எல்லை வழியாக வந்தது என்று கேளுங்கள். மூசே வழியாகச் சீனாவிலிருந்து வருவது வலப்பக்கச் சாலை நாட்டுச் சரக்கு. மியாவாடி வழியாகத் தாய்லாந்திலிருந்து வருவது இடப்பக்கம். தமு வழியாக வருகிற இந்தியச் சரக்கும் இடப்பக்கம்தான். எல்லையின் இந்தியப் பக்கம் மோரேயில் இருக்கிற சொந்தக்காரர் மலிவாகப் புது ஹெட்லைட் அனுப்பினால் நன்றி சொல்லிவிட்டுச் சுவரில் அடித்துப் பாருங்கள். சீனாவிலும் ஏற்றுமதிக்கென்று இரண்டு வகையும் செய்கிறார்கள். ஆகவே ஊர் ஒரு துப்பு மட்டுமே.

இரண்டாவது வழி மறைப்பு. ரிஃப்ளெக்டர் வகை விளக்குக்கு, அதாவது தெளிந்த கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளிப் பளபளப்பு வெட்டு வெட்டாகத் தெரிகிற வகைக்கு, இது ஒத்துவரும். இரவில் வண்டியைச் சுவருக்கு நேராக நிறுத்தி ஒரு விளக்கைத் துணியால் மூடுங்கள். மற்றதன் கண்ணாடி மேல் உள்ளங்கை அளவு அட்டையை மெல்ல நகர்த்துங்கள். ஏதோ ஓரிடத்தில் மட்டக் கோடு அப்படியே நிற்க, ஏற்றம் மட்டும் மறையும். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து, ஒளி புகாத ஸ்டிக்கரை அதே அளவுக்கு வெட்டி ஒட்டுங்கள். அரை மணி நேரம் எரியவிட்டுத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அளவைக் குறையுங்கள். பிளாஸ்டிக் கண்ணாடி அந்த இடத்தில் வெந்துபோகும். ஓர வெளிச்சம் இதனால் அதிகமாகாது. எதிராளி தப்பிப்பார், அவ்வளவுதான்.

முன்னால் உருண்டைக் கண்ணாடி உள்ள புரொஜெக்டரில் மறைப்பு பெரும்பாலும் எடுபடாது. எங்கே ஒட்டினாலும் மொத்த வெளிச்சமும் மங்கும். அதில் கோட்டை வெட்டுவது உள்ளே இருக்கிற தகடு. வலப்பக்கத் தகடுள்ள புரொஜெக்டரை மாற்றுவதே வழி.

"விளக்கைக் கீழே இறக்கிவிட்டால் போதாதா?" என்று கேட்பார்கள். எதிர் வண்டி 65 அடிக்கு நெருங்கும்போதும் ஏற்றம் கண்ணுக்குக் கீழே நிற்குமளவு, அதாவது மூன்று சதவீதம் இறக்கினால், 26 அங்குல உயர விளக்கு 72 அடியிலேயே தரையில் முட்டும். மணிக்கு 40 மைல் வேகத்தில் அது ஒன்றேகால் நொடித் தூரம். பெகு சாலையில் விளக்கில்லாத சைக்கிளைப் பார்த்துப் பிரேக் அடிக்க அது போதாது.

பக்கம் சரியானபின், பல்பைத் தொடுமுன், இரண்டு விஷயங்கள். முதலாவது கண்ணாடி. ஜப்பானில் பத்தாண்டு வெயில் பார்த்த பிளாஸ்டிக் மஞ்சளாகி இருக்கும். மங்கிய கண்ணாடி வெளிச்சத்தைக் குறைப்பதோடு சிதறவும் அடிக்கிறது. கூச்சத்துக்கு அதுவும் காரணம். சுற்றி டேப் ஒட்டிவிட்டு, தண்ணீர் விட்டு 800, 1000, 1500, 2000 என்று உப்புத்தாளை ஏறுவரிசையில் தேயுங்கள். ஒவ்வொன்றும் முந்தியதன் கீறலை முழுதாக எடுத்தபின்தான் அடுத்தது. பிறகு பாலிஷ், அதற்கு மேல் புறஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் கோட். கோட் அடிக்காவிட்டால் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும். பற்பசை பாதி வேலை செய்யும். கொசு ஸ்பிரே அடித்துத் துடைக்கிற வித்தை மேல்தோலைக் கரைத்துப் பளபளப்புக் காட்டுகிறது. பின்னால் வெடிப்பு விடும். உள்ளே ரிஃப்ளெக்டரில் தூசி இருந்தால் துணியால் துடைக்க வேண்டாம், வெள்ளிப் பூச்சு கையோடு வரும்.

இரண்டாவது வோல்டேஜ். ஹாலஜன் பல்புக்கு வரும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். எஞ்சின் ஓட, விளக்கு எரிய, பேட்டரி முனையில் ஒரு தடவை, பல்பு ஹோல்டரில் ஒரு தடவை அளவெடுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் போனால் பழைய வயர், சுவிட்ச், துருப்பிடித்த எர்த் ஆகியவற்றைத் தேட வேண்டும். ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) போட்டு 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தால் பழைய பல்பே புதிதாக எரியும். ஒரு எச்சரிக்கை: டொயோட்டாக்கள் பலவற்றில் ஹெட்லைட் சுவிட்ச் எர்த் பக்கத்தைத் திறந்து மூடுகிறது. அதில் சாதாரண ரிலே வயரிங்கை மாட்டினால் பிரைட்டும் டிம்மும் தாறுமாறாகும். முதலில் அதைச் சோதியுங்கள்.

இப்போது பல்பு. பிரைட்டுக்கும் டிம்முக்கும் தனித்தனி இழை உள்ள ஹெச்4 ஹாலஜன் 60/55 வாட். வெளிச்சத்தின் அளவு டிம்மில் சுமார் 1000 லூமென், பிரைட்டில் 1650. டிம் இழைக்கு அடியில் சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கிறதே, அதுதான் ஒளியை ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்குப் போகவிடாமல் தடுத்துக் கோட்டை உண்டாக்குகிறது. இழை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கோடு கலையும். எல்இடி பல்பில் இழை கிடையாது, தகட்டின் இரு முகத்திலும் ஒளிவிடும் சில்லு. தகடு தடித்திருந்தால், அல்லது சில்லு இழை இருந்த இடத்தில் இல்லாவிட்டால், ரிஃப்ளெக்டர் அதை வேறெங்கோ வீசும். வாங்கியே ஆகவேண்டுமென்றால் தகடு மெல்லியதாக, கிண்ணம் உள்ளதாகப் பாருங்கள். சில்லுகள் இடமும் வலமும் நோக்க வேண்டும், மேலும் கீழும் அல்ல. கழுத்தைத் திருப்பிச் சரிசெய்ய முடிகிற வகை நல்லது. பெட்டி மேல் போட்டிருக்கும் 20,000 லூமென் கதையை மறந்துவிடுங்கள். வண்டிக்குப் பத்தடி முன்னால் வெள்ளையாகக் கொட்டுவதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். கிட்டே அதிக வெளிச்சம் இருந்தால் கண்மணி சுருங்கி, தூரம் மங்கும். நிறம் 4300லிருந்து 5000 கெல்வினுக்குள் இருக்கட்டும். நீலம் கலந்த 6000க்கு மேற்பட்டது எதிராளியை அதிகம் கூசவைக்கிறது, மழைக்கால ஈரச் சாலையில் உங்களுக்கும் உதவாது.

மாட்டியபின் பின்பக்க ரப்பர் மூடியை ஃபேனுக்காக வெட்டிவிட்டு அப்படியே விடுகிறார்கள். ஆடி மழையில் ஈரம் புகுந்து ரிஃப்ளெக்டர் உரிந்துவிடும்.

ரிஃப்ளெக்டரில் ஹெச்ஐடி கிட் (இழைக்குப் பதில் வாயுவில் மின்வில் எரியும் பல்பு) போடவே கூடாது. அதன் மின்வில் எல்லாப் பக்கமும் அடிக்கும், கோடு என்ற ஒன்றே இராது. 100/90 வாட் ஹாலஜனும் வேண்டாம். இரண்டு பல்பும் சேர்ந்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 10 ஆம்பியருக்குப் போட்ட வயரும் ஹோல்டரும் உருகும். ஃபியூஸ் போகிறதென்று பெரிய ஃபியூஸ் போடுகிறவர் வண்டிக்குத் தீ வைக்க ஏற்பாடு செய்கிறார்.

இனி மட்டம் பிடிக்க வேண்டும். டயரில் சரியான காற்று, பாதி டேங்க் எண்ணெய், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர். சமதளத்தில் விளக்கிலிருந்து சுவர் 25 அடி. வண்டிக்குள் விளக்கு உயரம் மாற்றும் திருகு இருந்தால் பூஜ்யத்தில் வையுங்கள். விளக்கின் மையம் எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் டேப்பால் கோடு போட்டு, 3 அங்குலம் கீழே இன்னொரு கோடு. 25 அடி என்பது 300 அங்குலம். ஒரு சதவீதம் 3 அங்குலம். மட்டக் கோடு இரண்டாவது டேப்பில் உட்கார வேண்டும். ஒவ்வொரு விளக்காக, மற்றதை மூடிவிட்டு. கோடே தெரியாமல் மேலே புகைமாதிரி வெளிச்சம் பரவினால் அந்தப் பல்பைக் கழற்றிவிடுங்கள், எவ்வளவு திருகினாலும் சரிவராது.

சரக்கு ஏற்றுகிற வண்டிக்கு இன்னொரு கணக்கு. புரோபாக்ஸின் முன் பின் சக்கர இடைவெளி ஏறக்குறைய 100 அங்குலம். பின்னால் அரிசி மூட்டை ஏற்றி, ஒன்றரை அங்குலம் தாழ்ந்தால் மூக்கு ஒன்றரை சதவீதம் தூக்கும். ஒரு சதவீதம் கீழே பார்த்த விளக்கு அரை சதவீதம் மேலே பார்க்கும். கோயில் திருவிழாவுக்கு ஆள் நிறைத்துப் போகிற வேனுக்கும் இதே கதை. உயரத் திருகு இருந்தால் பாரத்துக்கேற்ப இறக்குங்கள். இல்லாத வண்டியில் எப்போதும் பாரம் என்றால் பாரத்தோடேயே மட்டம் பிடியுங்கள். மாண்டலே, மோல்மின் பக்கத்து மோட்டார் சைக்கிள்களுக்கும் பின்னால் ஆள் உட்கார வைத்தே பார்க்க வேண்டும்.

பம்பரில் எல்இடி பார் வைத்திருந்தால் அதன் ரிலேயைப் பிரைட் வயரிலிருந்து இயக்குங்கள், டிம் அடித்தவுடன் அதுவும் அணையும்படி. தனிச் சுவிட்சில் விட்டால் அணைக்க மறந்துபோகும்.

எல்லாம் முடிந்தபின் இருட்டான நேராகப் போகும் சாலையில் வண்டியை அதன் தடத்தில் நிறுத்தி டிம்மில் எரியவிட்டு, 150 அடி தள்ளி எதிர்த் தடத்தில் இன்னொரு காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். பிறகு 100 அடி, 50 அடி. விளக்கைப் பார்க்காமல் சாலை ஓரத்தைப் பார்க்க முயலுங்கள். ஓரம் தெரியாவிட்டால் ஏற்றம் இன்னும் மறையவில்லை. திரும்பச் சுவருக்குப் போக வேண்டும். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், டயர் அளவு எதை மாற்றினாலும் 25 அடிச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.