330 வாட் பேனல், 117 வாட் மின்சாரம்

மொட்டை மாடியில் 330 வாட் சோலார் பேனல், கீழே 12 வோல்ட் பேட்டரி, நடுவில் பேட்டரிக்கு ஏறும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் விலை குறைந்த ஒரு சார்ஜ் கன்ட்ரோலர். உச்சி வெயிலிலும் பேட்டரிக்குச் சுமார் 117 வாட்தான் போகிறது. எதிலும் பழுதில்லை. ஜோடிதான் பொருந்தவில்லை.

விலை குறைந்த பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் என்பது வேகமாகத் திறந்து மூடும் சுவிட்ச்தான். மூடியதும் பேனல் பேட்டரியோடு நேராக இணைந்து, அதன் வோல்ட்டுக்கே இறங்கிவிடும். 72 செல் கொண்ட 330 வாட் பேனல் முழுத் திறனில் தருவது ஏறக்குறைய 37 வோல்ட், 9 ஆம்பியர். 13 வோல்ட்டுக்கு இறங்கினாலும் ஆம்பியர் பெரிதாகக் கூடாது. 13ஐ 9ஆல் பெருக்கினால் 117. மீதி பேனலிலேயே வெப்பமாகப் போய்விடுகிறது.

இதற்கு மாற்று எம்.பி.பி.டி. என்ற இன்னொரு வகை கன்ட்ரோலர். அதற்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கும். அது வோல்ட்டைக் குறைத்து, அதற்கு ஈடாக ஆம்பியரைக் கூட்டும். ரேடியோ குமிழை இப்படியும் அப்படியும் திருப்பி ஸ்டேஷன் பிடிப்பதுபோல, வாட் எங்கே அதிகம் என்று ஓயாமல் தேடி அங்கேயே பேனலை நிறுத்தும். அதே பேனலிலிருந்து இப்போது பேட்டரிக்கு 24 ஆம்பியர் வரை வரும். எனவே 30 ஆம்பியர் கன்ட்ரோலர் வேண்டும்.

அதற்காக எல்லோரும் இதைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். 36 செல் கொண்ட சிறிய பேனலின் 18 வோல்ட், நம் ஊர் வெயிலில் செல் சூடேறியதும் 15, 16க்கு இறங்கிவிடும். அங்கே லாபம் குறைவு, பி.டபிள்யூ.எம். போதும்.

பெட்டியில் எம்.பி.பி.டி. என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். பேட்டரி முழுதாக நிறையாதபோது, நல்ல வெயிலில் மல்டிமீட்டரால் பேனல் பக்கமும் பேட்டரி பக்கமும் வோல்ட்டை அளந்து பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அது பி.டபிள்யூ.எம்.தான்.

330 வாட் பேனல் இரண்டைத் தொடராக இணைத்தால் சுமை இல்லாத வோல்ட், அதாவது மின்சாரம் எதுவும் எடுக்காதபோது இருக்கும் வோல்ட், 92 வரை போகும். குளிரில் அது இன்னும் ஏறும். ஊட்டியின் மார்கழிக் காலையில் 100ஐ நெருங்கிவிடும் என்பதால், 100 வோல்ட் வரை மட்டும் தாங்கும் கன்ட்ரோலரை நம்பாமல் 150 வோல்ட் தாங்குவதை வாங்குங்கள்.

மாட்டும்போது முதலில் பேட்டரி, அப்புறம் பேனல். கழற்றும்போது முதலில் பேனல். பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்கட்டும். கன்ட்ரோலரை பேட்டரிக்கு அருகில், ஆனால் நேர் மேலே இல்லாமல் மாட்டுங்கள். சார்ஜ் ஏறும்போது டியூபுலர் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜனும் அமில ஆவியும் மேலெழும்.