ஒரே வகுப்பில் இருபதும் ஐம்பதும்

நம் பல்கலைக்கழகங்களில் உள்வாரியாகப் படிப்பவர்கள் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள். உயர்தரப் பரீட்சை, அதில் பல்கலைக்கழக அனுமதிக்காகக் கணக்கிடும் இசட் புள்ளி என்று ஒரே வாசலால் வருகிறவர்கள் வேறெப்படி இருப்பார்கள்? வயது கலந்த வகுப்பைப் பார்க்க, வார இறுதியில் கொழும்புப் பக்கம் வர வேண்டும். 1980இல் தொடங்கிய நாவல திறந்த பல்கலைக்கழகம், வெளிவாரிப் பட்ட வகுப்புகள் எல்லாம் அப்படித்தான். உயர்தரம் முடித்த கையோடு வந்த பிள்ளைக்குப் பக்கத்துக் கதிரையில், யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து படிப்பை விட்ட ஐம்பது வயதுக்காரர் இருப்பார்.

பக்கத்தில் இருத்திவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வார்கள் என்று விரிவுரையாளர்கள் பலர் நம்புகிறோம். நான் பார்ப்பது வேறு. குழு ஒப்படை கொடுத்ததும் சின்னவர்கள் சொல்வது, “அன்ரி, நீங்க கஷ்டப்படாதேங்கோ, நாங்க ரைப் பண்ணி அனுப்புறம்.” அன்ரியும் அடுத்த வகுப்புக்கு ரோல்ஸும் பற்றிஸும் கொண்டு வருவார். எல்லோருக்கும் சந்தோஷம், புள்ளியும் வரும். ஆனால் அன்ரி கணினியைத் தொடவில்லை, அவருடைய அனுபவத்தில் ஒரு வரிகூட ஒப்படைக்குள் போகவில்லை. மரியாதையாகச் செய்தாலும் ஒதுக்கல் ஒதுக்கல்தான்.

வேறுபட்ட இரு தரப்பினர் சந்திப்பதால் மட்டும் முற்சாய்வு, அதாவது ஒருவரைப் பற்றி முன்கூட்டியே வைத்திருக்கும் தப்பெண்ணம், குறையாது என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இலேயே எழுதிவிட்டார். சம அந்தஸ்து வேண்டும், பொது இலக்கு வேண்டும், சேர்ந்து செய்கிற வேலை வேண்டும், நிறுவனத்தின் ஆதரவும் வேண்டும். எலியட் அரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரப் பாடசாலைகளில் அதை வகுப்பறை முறையாகவே ஆக்கினார். பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கு ஒன்று கொடுப்பது; அடுத்தவரின் துண்டை அவர் வாயால் கேட்காமல் யாருக்கும் பாடம் முழுமையாகாது. இன வேறுபாட்டுக்காக வந்த முறைதான். வயது வேறுபாட்டுக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

ஒருமுறை முன்பள்ளிப் பெற்றோர் கூட்டமொன்றைத் திட்டமிடும்படி ஒப்படை கொடுத்தேன். இணைய வழிக் கட்டுரைகளைப் பார்த்து, காலை பத்து மணிக்குக் கூட்டம் என்று அழகாக அட்டவணை போட்டு வந்தான் ஒரு தம்பி. குழுவில் இருந்த கொட்டாஞ்சேனை முன்பள்ளி ஆசிரியை பார்த்துவிட்டு, “பத்து மணிக்கு ஒருத்தரும் வரமாட்டினம்” என்றார். ஏன் என்று அவன் கேட்டான். துறைமுக வேலை, கடை வேலை, வீட்டில் பாட்டி மட்டும் என்று தொடங்கியவர், யாரிடமும் இதுவரை ஒழுங்காகச் சொல்லாத விஷயங்களை அரைமணி நேரம் வரிசையாகச் சொன்னார். கேட்பவன் குறிப்பெடுத்துக்கொண்டிருந்ததால்தான் அந்த வரிசை வந்தது என்று நினைக்கிறேன். அப்புறம் அந்த அனுபவத்துக்கு ஆய்வு ஆதாரம் தேடி மேற்கோள் காட்டுவது எப்படி என்று அவன் காட்டிக் கொடுத்தான். தட்டெழுதியது அவர்தான், மெதுவாக, ஒற்றை விரலால்.

பெரியவர்கள் பக்கமும் குறை உண்டு. “எங்கட காலத்தில...” என்று தொடங்கினால் பிள்ளைகளின் கண் போனுக்குப் போய்விடும். கேட்டதற்குப் பதில் சொல்வது வேறு, கேளாமல் புத்தி சொல்வது வேறு.

விரிவுரையாளர்களுக்கு: குழுவின் ஒப்படையைப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் அவர் எழுதாத பகுதியிலிருந்து வாய்மொழியாக ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கும் புள்ளி உண்டென்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். யார் தட்டெழுதுவது, யார் தகவல் தேடுவது என்பதையும் ஒவ்வொரு ஒப்படைக்கும் மாற்றிவிடுங்கள். வயது கூடக்கூடச் சொல்வளமும் அனுபவ அறிவும் நீடிக்கும், வேகம்தான் குறையும். அதனால் மூன்று மணிநேர வினாத்தாள் மூத்தவர்களைத்தான் கூடுதலாகப் பயமுறுத்தும். பழைய வினாத்தாளை நேரம் பார்த்து எழுதிப் பழக, பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பே அவர்களுக்கு இளைய துணை ஒருவரைச் சேர்த்து விடுங்கள்.