ரத்தம் எங்கேயும் கட்டி நிற்கவில்லை, அம்மா!

போன வாரம் ஓபியில் ஒரு பெண். 26 வயது, இரண்டு குழந்தைகள், கூடவே மாமியார். "வயித்துல ரத்தம் கட்டி நிக்குது மேடம், கழுவி விட்டுருங்க" என்று மாமியார்தான் ஆரம்பித்தார். கை வைத்துப் பார்த்தால் கர்ப்பப்பை தொப்புளுக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்கிறது. ஸ்கேனில் 18 வாரக் குழந்தை காலை உதைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அந்தரா என்ற கருத்தடை ஊசி போட்டுக்கொண்டிருந்தவர். மூன்றாவது ஊசிக்குப் பிறகு தூரம் வருவது நின்றுவிட்டது. கெட்ட ரத்தம் உள்ளேயே தங்குகிறது என்று வீட்டில் பேச்சு. ஐப்பசியில் போட வேண்டிய நான்காவது ஊசியை விட்டுவிட்டார்கள். எள்ளும் கருப்பட்டியும் கொடுத்தார்கள், பப்பாளிக்காய் கொடுத்தார்கள், அப்புறம் மெடிக்கலில் சொல்லி 'வர வைக்கிற' மாத்திரையும் வாங்கிக் கொடுத்தார்கள். இதற்கிடையில் ஊசியின் பலம் தீர்ந்து கரு தங்கியது ஒருவருக்கும் தெரியவில்லை. நாள் தள்ளிப்போனால்தானே சந்தேகம் வரும்? இவருக்குத்தான் நாளே கிடையாதே. மேடேறிய வயிற்றை ரத்தக்கட்டி என்றே நம்பியிருக்கிறார்கள்.

இந்த வருஷத்தில் எனக்கு இது மூன்றாவது கேஸ். அதனால்தான் கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன்.

மாதாமாதம் வெளியேறுவது உடம்பின் கழிவு இல்லை. கரு வந்தால் உட்காரட்டும் என்று கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்து மெத்தை போடுகிறது. கரு வரவில்லை என்றால் அந்த மெத்தை கழன்று ரத்தத்தோடு வருகிறது, அவ்வளவுதான். அதில் கெட்ட ரத்தம், நல்ல ரத்தம் என்று இரண்டு வகை கிடையாது. கையில் ஊசி குத்தினால் வருகிற அதே ரத்தம்தான். அந்தராவில் இருக்கும் ஹார்மோன் அந்த மெத்தையைத் தடிக்க விடுவதில்லை. போடாத மெத்தை எப்படிக் கழன்று வரும்? தேங்குவதற்கு அங்கே எதுவும் இல்லை. தலைக்கு ஏறுவதற்கும் இல்லை. (ரத்தம் நிஜமாகவே தேங்குவது, பிறவியிலேயே பாதை அடைத்திருக்கும் சில சிறுமிகளுக்கு. அது வேறு கதை. இரண்டு பிள்ளை பெற்றவருக்கு அந்தப் பேச்சே இல்லை.)

வேடிக்கை என்னவென்றால், குலதெய்வக் கோயில் பொங்கல் என்றால் இதே வீடுகளில் தூரத்தைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். அன்றைக்கு அந்த ரத்தம் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை! அப்படிப் பத்து நாள் போடுகிற மாத்திரையைக் கருத்தடை என்று நம்பிவிடாதீர்கள். அதையும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

அந்தரா 2017-லிருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. முதல் சில மாதங்கள் திட்டுத் திட்டாகப் படும், நாள் கணக்கு தவறும், சிலருக்குப் பத்து நாள் இழுக்கும். ஒரு வருஷம் போட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடியோடு நின்றுவிடும். ரத்தசோகை உள்ளவருக்கு அது லாபம் என்றுதான் சொல்வேன். இதை ஊசி போடும் அன்றே சொல்லிவிட வேண்டும். நாங்கள் பல நேரம் சொல்வதில்லை. ஓபி கூட்டத்தில் கார்டில் தேதி எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம், தப்பு எங்கள் பக்கமும் இருக்கிறது.

மாலா-என் கருத்தடை மாத்திரை போடுகிறவர்களுக்குக் கதை வேறு. அட்டையில் 28 மாத்திரை. 21-ல்தான் ஹார்மோன், நிறம் மாறியிருக்கும் கடைசி 7 வெறும் இரும்புச்சத்து. அந்த ஏழு நாளில் ஹார்மோன் நின்றுபோவதால் கொஞ்சமாகப் படும். பழைய அளவுக்கு வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். காசநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவற்றில் சில இந்த மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும்.

சரி, எப்போது ஓடி வர வேண்டும்? மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தால். எட்டு நாளுக்கு மேல் நிற்காமல் அதிகமாகப் பட்டால். மாத்திரை போடுகிறவருக்குக் கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலித்தால், கண் இருட்டித் தலைவலி வந்தால் அன்றைக்கே. பீரியட்ஸ் வராததற்கு மட்டும் என்றால் நிதானமாக வாருங்கள். சந்தேகமாக இருந்தால் சிறுநீர் டெஸ்ட் கார்டு வாங்கிப் பாருங்கள், ஐந்து நிமிஷ வேலை. ஆனால் வர வைக்கிற மாத்திரை மட்டும் வேண்டாம் தாயே. உள்ளே கரு இருக்கிறதா என்று அந்த மெடிக்கல் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், ஒத்தடமும் கொடுக்காதீர்கள், மருந்து சீக்கிரம் கரைந்துவிடும். தேதி தப்பினால் நான்கு வாரத்துக்குள் வந்துவிடுங்கள். அதைத் தாண்டினால் கர்ப்பம் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் போடுவோம். அடுத்த குழந்தை வேண்டும் என்று நிறுத்துகிறவர்கள் பொறுமையாக இருங்கள். கடைசி ஊசிக்குப் பிறகு கரு தங்க ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம். சிலருக்கு முன்னாலேயே தங்கிவிடும், என்னிடம் வந்தவருக்குத் தங்கியதுபோல.

ஸ்கேன் ரூமை விட்டு வெளியே வந்தபோது மாமியாருக்கு முகம் சுண்டிப்போயிருந்தது. மருமகள் எதுவும் பேசவில்லை. கதவருகில் போனவர் திரும்பி வந்து, "இது பொறந்தப்புறம் மறுபடி அதே ஊசி போட்டுக்கலாமா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டார். தாய்ப்பால் கொடுப்பதால் ஆறு வாரம் கழித்துப் போடலாம் என்றேன். பழைய கார்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.