பிள்ளைக்கு சுகர்னா ஓட விடக்கூடாதுன்னு யாரு சொன்னா?

காலுக்கு பெலன் இல்லன்னு குளச்சல் பக்கத்துல இருந்து பத்து வயசுப் பையன் ஒருத்தன கூட்டிட்டு வந்தாங்க. டைப் 1 சுகர், அதாவது உடம்புல இன்சுலின் சுரக்காத வகை, ஊசியா போடுறான். ஒத்தக் கால்ல நில்லு மக்கான்னா நிக்கறான், கண்ண மூடுன்னதும் சாயறான். விசாரிச்சா, சுகர் வந்ததுல இருந்து ஓட்டம் சாட்டம் எல்லாம் நிப்பாட்டியாச்சு, பி.டி. பீரியட்ல பசங்க பேக்குக்கு காவலாம். நாகர்கோவில்ல பிசியோதெரபி பாக்குற எனக்கு இந்தக் கதை கேட்டு கேட்டு அலுத்துப்போச்சு. ஓடாத காலுக்கு பெலன் எங்க இருந்து வரும்?

அதவிட எரிச்சல், "ஊசி போட்டு பிள்ள ஊதிட்டு"ங்கற பேச்சு. ஊதல அம்மா! இன்சுலின் இல்லாதப்ப தின்னதெல்லாம் சர்க்கரையா மூத்திரத்துல போயி, உடம்பு தன் கொழுப்பையும் சதையையும் கரைச்சு எலும்பும் தோலுமா ஆன பிள்ளைக்கு, போன வெயிட்டு திரும்ப வருது, அவ்வளவுதான். 1922ல முதன்முதலா இன்சுலின் போட்ட டொராண்டோ பையனுக்கு வயசு 14, எடை 30 கிலோகூட இல்ல. அடுத்த வீட்டு அக்கா சொன்னாங்கன்னு நீங்களா டோச கொறச்சா சுகர் ஏறும், அப்படியே போனா வளர்த்தி நிக்கும், வயசுக்கு வர்றதும் தள்ளிப்போகும். நிஜமாவே வெயிட் கூடுதலான்னு உங்க டாக்டர் வளர்ச்சி சார்ட் வச்சு பாத்து சொல்லட்டும், டோஸ் சொல்றது என் வேலையும் இல்ல, அக்கா வேலையும் இல்ல.

மூணு மாசத்துக்கு ஒருக்கா உயரமும் எடையும் பாருங்க, செருப்ப கழட்டிட்டு, ஒரே மெஷின்ல. பஸ்ஸ்டாண்டுல காசு போட்டு எடுத்த சீட்டு எனக்கு வேண்டாம். ஊசி போடுற எடத்த தடவிப் பாருங்க, தடிப்பு இருந்தா அங்க குத்தாதீங்க, மருந்து ஒழுங்கா ஏறாது.

பேலன்சுக்கு பெரிய மெஷின் ஒண்ணும் வேண்டாம், கட்டம் போட்டு நொண்டி அடிக்கற பாண்டி விளையாடுனா போதும், பல்லு தேய்க்கறப்ப ஒத்தக் கால்ல நிக்கச் சொல்லுங்க. சொத்தவிளை கடற்கரை மணல்லயும் ஓடட்டும், செருப்போட. கால் விரல் மரமரப்பு, எரிச்சல்னு சொன்னா நடிப்புன்னு திட்டாதீங்க, காட்டுங்க. 11 வயசு தாண்டி, சுகர் வந்து சில வருஷமும் ஆச்சுன்னா வருஷா வருஷம் பாதம் செக் பண்ணணும்.

விளையாடுறதுக்கு முன்னாடி சுகர் பாக்கணும். 250க்கு மேல இருந்து மூத்திரத்துல கீட்டோனும் (இன்சுலின் பத்தாம உடம்பு கொழுப்ப கரைக்கறப்ப வர்ற கழிவு) இருந்தா அன்னைக்கு விளையாட்டு இல்ல. வேர்த்து, நடுங்கி, தள்ளாடினா அது கால் பெலவீனம் இல்ல, லோ சுகர். 70க்கு கீழன்னா ரெண்டு மூணு டீஸ்பூன் சீனி தண்ணில கலக்கி குடுங்க, 15 நிமிஷத்துல திரும்ப பாருங்க. சாக்லேட் வேண்டாம், மெதுவாத்தான் ஏறும். பி.டி. சார்மாரே, உங்க மேசையிலயும் கொஞ்சம் சீனி இருக்கட்டும். மயங்கிட்டான்னா மட்டும் வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, ஒருச்சாய்ச்சு படுக்க வச்சிட்டு 108க்கு போன் போடுங்க.