சிகிச்சை அறையில் சொன்னது யாருக்கெல்லாம் போகும்? ஆஸ்திரேலியத் தனியுரிமைச் சட்டம் தரும் பாதுகாப்பு

பிசியோதெரபி, பேச்சுச் சிகிச்சை, மனநல ஆலோசனை என்று போகும்போது நம்மவர்களில் பலருக்கு உள்ளூர ஒரு பயம் இருக்கிறது. இங்கே வாயைத் திறந்தால் நாளைக்கு ஊர் முழுக்கத் தெரிந்துவிடுமோ? அந்தப் பயத்தில் பாதியைச் சொல்லாமல் விட்டால் கிடைக்கும் சிகிச்சையும் பாதிதான். ஆஸ்திரேலியாவில் வாழ்பவர்களுக்கு இந்த விஷயத்தில் சட்டம் நல்ல பாதுகாப்பு தருகிறது.

1988ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டமும் அதில் உள்ள 13 கோட்பாடுகளும்தான் இதற்கு அடிப்படை. ஆண்டு வருமானம் 30 லட்சம் டாலருக்கு மேல் போகாத சிறு தொழில்கள் பெரும்பாலும் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. ஆனால் மருத்துவ சேவை தரும் தனியாருக்கு அந்த விலக்கு கிடையாது. ஒரே ஒருவர் நடத்தும் கிளினிக் என்றாலும், வீட்டுக்கே வந்து பயிற்சி தருபவர் என்றாலும் கட்டுப்பட்டவர்தான். வரவேற்பு மேசையில் இருப்பவர் தகவலை வெளியே விட்டாலும் பொறுப்பு கிளினிக்குக்குத்தான்.

நோயின் பெயர் மட்டும்தான் ரகசியம் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் அங்கே போகிறீர்கள் என்பதே பாதுகாக்க வேண்டிய தகவல். உளவியலாளரின் அலுவலகம் வீட்டுக்குப் போன் செய்து, எடுத்த மனைவியிடம் "உங்கள் கணவருக்கு வியாழக்கிழமை கவுன்சலிங்" என்று சொன்னால், அங்கேயே ஒரு தகவல் வெளியே போய்விட்டது. அதனால் முதல் நாளே எந்த எண்ணில் அழைக்கலாம், குறுஞ்செய்தியில் என்ன எழுதலாம் என்று சொல்லி வைப்பது நல்லது.

சரி, தகவல் வேறு யாரிடமும் போகாதா? போகும். நம் ஆட்கள் ஏமாற்றமடைவது இந்த இடத்தில்தான். எதற்காகத் தகவலைத் தந்தோமோ அதற்கும், அதோடு நேரடியாகத் தொடர்புள்ளதாய் நாம் எதிர்பார்க்கக்கூடிய வேலைக்கும் அதைப் பயன்படுத்தலாம் என்கிறது சட்டம். குடும்ப மருத்துவர் எழுதிய திட்டத்தின் கீழ் அரசின் மருத்துவக் காப்புறுதியான மெடிகேர் பணம் தரும் அமர்வு என்றால், சிகிச்சையாளர் அந்த மருத்துவருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு உதவித் திட்டமான என்டிஐஎஸ்-இல் உங்கள் திட்டம் மறுபரிசீலனைக்கு வரும்போது முன்னேற்ற அறிக்கை கேட்பார்கள். வேலையிடத்துக் காயம் என்றால் காப்புறுதிப் படிவத்தில் சம்மதப் பகுதி ஒன்று இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால் காப்புறுதிக்காரர் உங்கள் சிகிச்சையாளரோடு பேசலாம்.

இதில் எதுவும் தவறில்லை. ஆனால் அறிக்கை வேறு, அமர்வில் எழுதிய குறிப்புகள் வேறு. கணவன் மனைவி சண்டையைப் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் முதுகுவலி அறிக்கையில் வர வேண்டிய அவசியமே இல்லை. "இந்த அறிக்கையில் என்ன எழுதப் போகிறீர்கள், அனுப்பும் முன் நான் பார்க்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல சிகிச்சையாளர் யாரும் இதற்குக் கோபிக்க மாட்டார்.

மொழிபெயர்ப்பாளர் விஷயம் இன்னும் நுட்பமானது. தமிழர்கள் கொஞ்சப் பேர் இருக்கும் ஊரில், வந்து உட்காருபவர் கோவிலில் பார்த்த முகமாக இருக்கலாம். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ரகசியம் காக்கும் கடமை உண்டு. இருந்தும் மனம் ஒப்பவில்லை என்றால், தொலைபேசி வழியாக வேறு மாநிலத்தவர் ஒருவரைத் தரும்படி கேட்கலாம். ஆணா பெண்ணா என்பதையும் சொல்லலாம். அரசின் மொழிபெயர்ப்புச் சேவை எண் 131 450. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். தாயின் மனச்சோர்வை அவளுடைய மகனே வாய்விட்டுச் சொல்லும் நிலை வரக்கூடாது.

சம்மதம் இல்லாமலே தகவல் போகும் சந்தர்ப்பங்களும் உண்டு. யாருடைய உயிருக்கோ பாதுகாப்புக்கோ கடும் ஆபத்து இருந்து, சம்மதம் வாங்குவது நடைமுறையில் முடியாதபோது சொல்லலாம். நீதிமன்றம் ஆணையிட்டால் கொடுத்தாக வேண்டும். குழந்தை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் வந்தால் அறிவிக்கும் கடமை அந்தந்த மாநிலச் சட்டப்படி பலருக்கு இருக்கிறது.

பதின்பருவப் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்பார்கள். சட்டம் ஒரு வயதைக் குறிப்பிடவில்லை. விஷயத்தைப் புரிந்து முடிவெடுக்கும் பக்குவம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஆகவே 16 வயது மகள் தன்னிடம் பேசியதை உளவியலாளர் அம்மாவுக்குச் சொல்ல மறுத்தால், அது மரியாதைக்குறைவு ஆகாது. மகள் மறுபடியும் அங்கே போகத் துணிவதே அந்த நம்பிக்கையால்தான்.

உங்களைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்க்கவும், பிரதி வாங்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். கேட்பதற்குக் கட்டணம் இல்லை. பிரதி எடுக்கும் செலவுக்கு நியாயமான தொகை கேட்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பிழை இருந்தால் திருத்தச் சொல்லலாம், திருத்த மறுத்தால் உங்கள் விளக்கத்தைக் கோப்போடு இணைக்கச் சொல்லலாம். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா போன்ற இடங்களில் கடைசி சிகிச்சையிலிருந்து 7 ஆண்டுகளும், சிறு பிள்ளைகளின் கோப்பை அவர்களுக்கு 25 வயது ஆகும் வரையும் வைத்திருக்க வேண்டும்.

தகவல் கசிந்துவிட்டது என்று தெரிந்தால் முதலில் அந்த கிளினிக்குக்கே எழுத்தில் முறையிடுங்கள். எந்தத் தேதி, யார், யாரிடம், என்ன சொன்னார் என்று நான்கு வரி போதும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ஆஸ்திரேலியத் தகவல் ஆணையர் அலுவலகத்துக்குப் போகலாம். பொதுவாக, விஷயம் தெரியவந்து 12 மாதங்களுக்குள் முறையிட வேண்டும். செலவு எதுவும் இல்லை. மாநில அரசு மருத்துவமனை என்றால் அந்தந்த மாநிலத்தின் அமைப்பிடம் போக வேண்டும். பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர் போன்ற பதிவுபெற்றவர்களின் நடத்தை பற்றி, அந்தப் பதிவைக் கவனிக்கும் தேசிய அமைப்பான ஆஃப்ராவிடமும் (AHPRA) சொல்லலாம். உணவியல் நிபுணர்கள் அந்தப் பதிவுக்குள் வருவதில்லை. அவர்களைப் பற்றிய புகாருக்கு மாநிலச் சுகாதாரப் புகார் அலுவலகம் இருக்கிறது. ஆங்கிலம் தடையாக இருந்தால் 131 450ஐ அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வழியாக ஆணையர் அலுவலகத்தின் 1300 363 992 எண்ணுக்கு இணைக்கச் சொல்லுங்கள்.