பழைய போனை ஏமாற்றும் பெட்டி

ஓட்டல் அறைகள், மருத்துவமனை வார்டுகள், தொழிற்சாலை வாட்ச்மேன் அறை என்று பல இடங்களில் அனலாக் போன்கள் இன்னும் நன்றாகவே உழைக்கின்றன. நிர்வாகம் இணையவழி அழைப்புக்கு மாறும்போது அவற்றையும், சுவருக்குள் ஓடும் செம்புக் கம்பிகளையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. நடுவில் ஏடிஏ (அனலாக் டெலிபோன் அடாப்டர்) எனப்படும் சிறு பெட்டி போதும். போன்கள் நிறைய இருந்தால் இதே வேலையைச் செய்யும், 24 அல்லது 48 இணைப்புகள் கொண்ட கேட்வே என்ற பெரிய பெட்டியை வைப்பார்கள்.

குரலை இணையத்துக்கு ஏற்றபடி மாற்றுவது இந்தப் பெட்டியின் எளிய வேலைதான். போனிடம் எக்ஸ்சேஞ்சாக நடிப்பதில்தான் அதன் சாமர்த்தியம் இருக்கிறது. அனலாக் போன் பேசுவதற்கான மின்சாரமே கம்பி வழியாகத்தான் வரவேண்டும். அதனால் பெட்டி கம்பியில் சுமார் 48 வோல்ட் அழுத்தத்தை வைத்துக் காத்திருக்கிறது. ரிசீவரைத் தூக்கியதும் மின்சுற்று மூடி, 20 மில்லியாம்பியர் அளவில் மின்னோட்டம் பாய்கிறது. உடனே டயல் டோன் கொடுக்கிறது. அழைப்பு வந்தாலோ 20 முதல் 25 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரத்தை அனுப்பி மணியை அடிக்கிறது. 5ஐ அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ் ஒலிகள் சேர்ந்து வரும். அவற்றைக் கேட்டு எண்ணைப் புரிந்துகொண்டு, இணையத்தில் அழைப்பை ஏற்படுத்தும் எஸ்ஐபி என்ற நெறிமுறையில் அழைப்பாக எழுதி அனுப்புகிறது.

குரல் நொடிக்கு 8000 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 8 பிட். 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை 160 பைட் குரல் ஒரு பாக்கெட்டாகக் கிளம்புகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது எதிரொலியை அடக்கும் பகுதி. போன் பக்கம் பேசுவதும் கேட்பதும் ஒரே ஜோடிக் கம்பியில் நடக்கின்றன. இணையப் பக்கம் இரண்டும் தனித்தனி. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மின்மறுப்பு (இம்பீடன்ஸ், அதாவது மாறுதிசை மின்சாரத்துக்குக் கிடைக்கும் எதிர்ப்பு) சரியாகப் பொருந்தாவிட்டால், எதிர்முனையில் இருப்பவரின் குரலில் ஒரு துளி அவரிடமே திரும்பிப் போகும். உள்ளூர் எக்ஸ்சேஞ்சில் அது சில மில்லி விநாடியில் திரும்பிவிடுவதால் காதுக்குத் தெரியாது. இணையத்தில் நூறு, இருநூறு மில்லி விநாடி தாமதமானால் தன் குரலே தன்னைத் துரத்தும். பெட்டியிலுள்ள கணிப்பி, எந்த ஒலி எப்படித் திரும்பும் என்று பேச்சு நடக்கும்போதே கற்றுக்கொண்டு அதைக் கழித்துவிடுகிறது. ஆனாலும் மின்மறுப்பை அந்தந்த நாட்டுக்கு உரிய அளவில் வைப்பது பொருத்துபவரின் பொறுப்பு. எதிரொலி என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஃபேக்ஸுக்கு ஒரு பாக்கெட் தொலைந்தாலே பக்கம் கெட்டுப்போகலாம். அதற்காக டி.38 என்ற தனி முறை இருக்கிறது. குரலைச் சுருக்கும் ஜி.729 முறையில் ஃபேக்ஸை அனுப்பவே கூடாது.

முன்பு கரண்ட் போனாலும் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியில் போன் பேசும். இப்போது பெட்டி, நெட்வொர்க் சுவிட்ச், ரவுட்டர் மூன்றுக்கும் யுபிஎஸ் வேண்டும். லிஃப்ட்டின் அவசர போன் இந்தப் பெட்டியில் இருந்தால், மெயினை அணைத்துவிட்டு ஒருமுறை அதிலிருந்து அழைத்துப் பார்த்த பிறகே பழைய லைனைத் துண்டிக்கச் சொல்லுங்கள்.